வலது பாதி காலி

கருவேலனேந்தலில் ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள், ஒரு திங்கட்கிழமை விடியலில், ஊரிலிருந்த கீபோர்டுகளில் எல்லாம் கீக்கள் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. பிடுங்கி மாட்டிய தடயம் இல்லை, ஒரு கீறல் இல்லை, கிடை மாறிய ஆடுகளைப் போல, எந்த விரல் எந்த எழுத்தை அதிகம் தேடியதோ அந்த எழுத்து அந்த விரலின் அடியில் வந்து படுத்துக்கிடந்தது, யாரும் சீந்தாத எழுத்து ஓரமாய்ப் போய்ச் சுருண்டுகிடந்தது. முதல் நாள் ஊர் கேபிள்காரனைத் திட்டியது. இரண்டாம் நாள் அடித்துப் பார்த்துவிட்டு, அட, மணிக்கட்டு வலிக்கவில்லையே என்றது. மூன்றாம் நாள் முகூர்த்த நாள், ஆச்சரியப்பட யாருக்கும் நேரமில்லை.

அதற்கு முன்னால் அந்த ஊரில் தமிழ் டைப் அடிப்பவர்கள் மூன்று சாதியாக இருந்தார்கள். இன்ஸ்டிட்யூட்டில் லோயர், ஹையர் பாஸ் பண்ணி, பழைய டைப்ரைட்டரின் வரிசையையே கம்ப்யூட்டருக்கும் இழுத்துக்கொண்டு வந்தவர்கள் ஒரு சாதி. உயிரெழுத்து இடது கைக்கு, மெய்யெழுத்து வலது கைக்கு என்று பிரித்து வைத்த தமிழ்99 ஒன்றுதான் விரலுக்கு நோகாது, வேகமும் வரும் என்று சத்தியம் பண்ணுகிறவர்கள் இன்னொரு சாதி. இங்கிலீஷ் எழுத்தைத் தட்டி அம்மா என்ற சொல்லை வரவழைக்கிறவர்கள் மூன்றாவது, இவர்கள் கையால் மற்ற இரண்டு பேரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். கீக்கள் நகர்ந்த பிறகு ஆளுக்கொரு வரிசை என்று ஆகிவிட்டதால் சண்டைக்கு இடமே இல்லை. ஆனாலும் அவை யாருடைய வரிசையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு நகர்ந்தன என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் சண்டை நடந்தது, ஒரு பெஞ்சு உடைந்தது.

நாளாக நாளாக ஊருக்கு இன்னொன்றும் விளங்கியது. கீபோர்டு பொய் சொல்லாது. ஒருவன் ஒரு பகல் முழுக்க எப்படித் தட்டுகிறானோ, மறுநாள் காலையில் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். பதினாலு ஆராய்ச்சி நூல் எழுதிய பேராசிரியர் ஒருவரின் கீபோர்டில், நகல் எடுக்கிற கீயும் அதை ஒட்டுகிற கீயும் நட்டநடுவில் பெண்ணும் மாப்பிள்ளையுமாக ஜோடி போட்டு உட்கார்ந்திருக்க, மீதி எழுத்துகள் பத்திரிகை வைக்காத சொந்தக்காரர்கள் மாதிரி ஓரத்தில் நின்றன. பெண் வீட்டார் ஜாதகத்தோடு பையனின் கீபோர்டையும் கேட்டு வாங்கினார்கள். பெரிய கம்பெனியில் புரோகிராம் எழுதுவதாகச் சொல்லப்பட்ட ஒரு மாப்பிள்ளையின் கீபோர்டில் நான்கு அம்புக்குறிகள் மட்டும் வழவழவென்று தேய்ந்து நடுவில் நிற்க, பெண்ணின் தாய்மாமன் அதை மறுபடி துணியில் சுற்றிக் கொடுத்து, "தம்பி ஓட்டுறது காரா பைக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்துகொண்டார். கோயிலில் கீபோர்டுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். சர்ச்சில் தீர்த்தம் தெளித்ததில் இரண்டு கெட்டுப்போயின.

ஜெசிந்தாவின் கீபோர்டு மட்டும் வேறு மாதிரி நகர்ந்திருந்தது. எல்லா எழுத்தும், எல்லா எண்ணும், புள்ளியும் காற்புள்ளியும் இடது பாதிக்கு ஓடிவந்து ரேஷன் கடை வாசல் மாதிரி நெருக்கியடித்து நிற்க, வலது பாதி மொட்டைப் பலகையாய், கழுவிவிட்ட முற்றம் போல வெறிச்சோடிக் கிடந்தது. ஏனென்றால் ஜெசிந்தா ஏழு மாதமாக இடது கையால் மட்டும்தான் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். வலது கையில் குழந்தை இருந்தது. நித்திலா என்று பெயர். வலது தோளில் தவிர வேறெங்கும் தூங்கமாட்டேன் என்று பிறந்த அன்றே முடிவு செய்துவிட்ட குழந்தை.

அவள் வேலை பார்த்தது சாலையோர மரக் கணக்கு அலுவலகத்தில். ரோட்டோரப் புளியமரங்களை எண்ணுவதும், எண்ணினதை வெட்ட அனுமதி கொடுப்பதும், வெட்டினதை மறுபடி எண்ணுவதும் அங்கே வேலை. பத்துப் பேர் நிரந்தரம். பதினோராவது ஆளான ஜெசிந்தா, பதினோரு மாத ஒப்பந்தத்தில் வந்த டைப்பிஸ்ட். பத்துப் பேரும் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து வைப்பார்கள், அவள் அடித்துக் கொடுப்பாள். பத்துப் பேர் மேசையிலும் கம்ப்யூட்டர் உண்டு, பூ வேலை செய்த உறை போட்டு, கல்யாணப் பெண் போல மூடி வைத்திருந்தார்கள்.

கணவன் சவரிராயன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டினான். மாமியார் ஒரே ஒரு தடவை வந்தாள், குழந்தையின் நிறத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். ஆகவே குழந்தையை விட்டுவிட்டு வர ஜெசிந்தாவுக்கு ஒரு வீடு இருந்தது, ஆள் இல்லை. பயம் மட்டும் தாராளமாக இருந்தது. குழந்தை மூச்சு விடுகிறதா என்று பயம், விட்டால் ஏன் இவ்வளவு வேகமாக விடுகிறது என்று பயம், மெமோ என்ற சொல்லைக் கேட்டாலே கான்வென்ட்டில் மதர் வரும் செருப்புச் சத்தம் கேட்ட மாதிரி வயிற்றில் ஒரு பயம். டைப் அடிக்கக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் பெர்னதெத், கையைப் பார்க்கக்கூடாது என்று விரல்கள்மேல் வெள்ளைக் கைக்குட்டையைப் போர்த்தி, ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். பயந்த பிள்ளைக்குத்தான் வேகம் வரும் என்பார். அது என்னவோ உண்மைதான்.

குழந்தை ஆபீஸுக்கு வந்த முதல் நாளே கண்காணிப்பாளர் தணிகாசலம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். தங்கமான மனிதர், யாருக்கும் எதையும் மறுத்ததில்லை, கொடுத்ததும் இல்லை.

"குழந்தையக் கொண்டுவரக் கூடாதுன்னு நான் சொல்லலம்மா," என்றார். "என் கண்ணுல படக்கூடாதுன்னு சொல்றேன்."

அன்றிலிருந்து இரும்பு பீரோவுக்குப் பின்னால் அவள் மேசை போனது. கண்காணிப்பாளர் தாளைக் கொண்டுவரும்போது சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தபடியே வருவார், காலண்டரைப் பார்த்தபடியே பேசுவார், ஒருநாள் குழந்தை அவர் சட்டைப் பையைப் பிடித்துத் தொங்கியபோதும் கார்த்திகை எத்தனை என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டு நின்றார். ஆக, பத்துப் பேருக்கும் தெரிந்த குழந்தை அந்த ஆபீஸில் இல்லை. ஒப்பந்தம் முடிய ஐந்து வாரம் இருந்தது. குழந்தை இல்லாதவரைக்கும் அதை நீட்டிக்கிற கையெழுத்து உண்டு, இருந்தால் இல்லை.

அந்த நேரத்தில்தான் தலைநகரத்திலிருந்து உத்தரவு வந்தது. கீபோர்டுதான் பொய் சொல்லாதே, இனி வருகைப் பதிவேடு எதற்கு, ஒவ்வொரு அலுவலகத்திலும் கீக்கள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று அளந்து பார்த்து, நகராத கீபோர்டுக்காரரை வீட்டுக்கு நகர்த்துவது என்று தீர்மானித்துவிட்டார்களாம். நகர்ந்த விசையே நல்லுழைப்பு என்று ஒரு வாசகமும் அனுப்பி, சுவரில் எழுதிவைக்கச் சொல்லியிருந்தார்கள். சுவரில் எழுதினார்கள். பிறகு பத்துப் பேரும் பத்து உறைகளை நீக்கிப் பார்த்தார்கள். ஒன்பது கீபோர்டு கம்பெனியிலிருந்து வந்தபடியே கன்னி கழியாமல் இருந்தன. சீனியர் கிளார்க் அமிர்தகடேசனுடையதில் மட்டும் சீட்டாடுகிற கீக்கள் முன்வரிசைக்கு வந்திருந்தன, அவர் அவசரமாக மூடினார்.

ஆய்வுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. தணிகாசலம் காலண்டரைப் பார்த்தபடி பீரோவுக்குப் பின்னால் வந்தார். ஒருநாள் ஒருவர் மேசை என்று பத்து நாள் பத்து மேசையில் உட்கார்ந்து அவள் வேலையைச் செய்தால் என்ன, அங்கே காற்றும் நன்றாக வரும் என்றார். அவள் உட்கார்ந்தாள். குழந்தையை வலது தோளில் சாய்த்துக்கொண்டு, முதல் நாள் அமிர்தகடேசன் மேசை, இரண்டாம் நாள் பூரணி அக்கா மேசை என்று, மாரியம்மன் ஊருக்குள் வீதியுலா போகிற மாதிரி மேசை மேசையாகப் போனாள். போன இடத்திலெல்லாம் தின்பண்டம் வைத்தார்கள், ஃபேனைத் திருப்பிவிட்டார்கள், இல்லாத குழந்தைக்கு ஒருவர் கிலுகிலுப்பைகூட வாங்கி வந்து பார்க்காமலே நீட்டினார். பத்து இரவில் பத்துக் கீபோர்டும் நகர்ந்தன. எல்லாரும் நிம்மதியாக உறையைப் போட்டு மூடினார்கள். எந்தப் பக்கம் நகர்ந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அந்த ஆபீஸில் எதையும் முழுசாகப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

ஆய்வு நாளன்று குழந்தை பதிவறைக்குள் இருந்தது. மேசை கிடையாததால் கணக்கிலும் சேராத அலுவலக உதவியாளர் பேச்சியம்மாள், கையில் அவித்த பயறும் வாயில் அதட்டலுமாகத் திரிகிற ஒரு பெண்பிள்ளை, கதவைச் சாத்திக்கொண்டு அதை மடியில் வைத்திருந்தாள். ஆய்வு அதிகாரி ஆராவமுதன் அளவுகோலும் ஸ்டாப் வாட்சுமாக வந்தார். முதல் உறையை எடுத்தார், இடது பாதி நெருக்கடி, வலது பாதி மொட்டை. இரண்டாவது உறை. மூன்றாவது. பதினொன்றையும் பார்த்துவிட்டு, அளவுகோலைப் பையில் வைத்து மூடினார். பதினோரு பேரும் மேசைக்கு மேலே இடது கையால் வேலை பார்க்கிற ஆபீஸை அவர் தன் சர்வீஸில் கண்டதில்லை.

"ரொம்ப நல்லா உழைச்சிருக்கீங்க," என்றார். "வலது கை எங்க இருந்துச்சு? மேசைக்கு அடியிலயா?"

மரம் வெட்ட அனுமதி கொடுக்கிற ஆபீஸ். மேசைக்கு அடியில் நீளுகிற வலது கைக்கு என்ன அர்த்தம் என்று வாசலில் படுத்திருந்த நாய்க்கும் தெரியும். அதிகாரி பேனாவைத் திறந்தார். தணிகாசலத்துக்கு முதுகு நனைந்து சட்டை ஒட்டியது. அமிர்தகடேசன் தன் வலது கையையே முன்பின் பார்த்திராத பொருள் மாதிரி புரட்டிப் பார்த்தார். அந்த நேரம் பதிவறைக்குள்ளிருந்து வீல் என்று ஒரு அழுகை கேட்டது.

ஏழு மாதத்தில் முதல் தடவையாகக் கண்காணிப்பாளர் அந்தச் சத்தத்தைக் கேட்டார். கேட்டதும் அவர் முகத்தில் ஞானம் மாதிரி ஒன்று பரவியது.

"குழந்தை சார்," என்றார். "எங்க ஆபீஸ் குழந்தை. வலது கையில குழந்தைய வச்சுக்கிட்டு, இடது கையால வேலை பார்க்கிறோம்."

அதிகாரி நம்பவில்லை. ஒவ்வொருவராகக் குழந்தையை வாங்கிக்கொண்டு அடித்துக் காட்டச் சொன்னார். அமிர்தகடேசன் அதைக் கோப்பு மாதிரி அக்குளில் இடுக்கினார். பூரணி அக்கா, மூன்று பெற்றவள், நன்றாகத்தான் பிடித்தாள், ஆனால் இடது கை எழுத்து தேடி ஊர் சுற்றியது. தணிகாசலம் கொதிக்கிற சட்டியைத் துணியில்லாமல் தூக்கினவர் மாதிரி இரண்டடி தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். குழந்தை பத்துப் பேரிடமும் பத்து விதமாக அலறியது.

"எல்லார்கிட்டயும் அழுவுதே."

"வெளி ஆளப் பார்த்தா அழும் சார்," என்றார் தணிகாசலம்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது யார் பிள்ளை என்று கேட்டார். தணிகாசலம் காலண்டரைப் பார்க்கவில்லை, முதல் தடவையாக ஜெசிந்தாவை நேராகப் பார்த்தார். பத்துப் பேரும் பார்த்தார்கள். என் பிள்ளை, நான் ஒருத்தி அடித்ததுதான் பதினொன்றும் என்று அவள் சொன்னால் பத்துப் பேரும் போவார்கள், ஒப்பந்தக் கையெழுத்துப் போடுகிற கையும் சேர்ந்தே போகும். பொய் சொன்ன வாயைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்ட சிஸ்டர் பெர்னதெத் அவள் முதுகுக்குப் பின்னால் ஸ்கேலோடு வந்து நின்றார். குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது.

"என் பிள்ளைதான் சார்," என்றாள். "எல்லாரும் மாத்தி மாத்தி வச்சுக்குவாங்க."

சொல்லிவிட்டுக் குழந்தையை வாங்கி வலது தோளில் போட்டாள், அது சட்டென்று ஓய்ந்தது, அவள் இடது கை தன்பாட்டுக்குக் கீபோர்டில் இறங்கி அதிகாரி கொடுத்த பக்கத்தை நாலு நிமிஷத்தில் அடித்து முடித்தது. அதிகாரி ஸ்டாப் வாட்சைக் காதில் வைத்து ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டார். பேனாவை மூடினார்.

பத்தாம் நாள் பாராட்டு வந்தது. முன்மாதிரி இடது கை அலுவலகம் என்று சட்டம் போட்ட சான்றிதழ் வந்தது, மரத் தொட்டில் ஒன்று வந்தது, பக்கத்துத் தாலுகாக்காரர்கள் வேனில் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் ஆபீஸுக்கும் ஒரு குழந்தைக்கு விண்ணப்பித்தார்கள். கருவேலனேந்தலில் நாலைந்து வீட்டில், இடது கைப் பழக்கமுள்ள மாப்பிள்ளைதான் வேண்டும் என்று பெண்கள் கேட்பதாகப் பேச்சு. ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. ஜெசிந்தா கேட்கப் போனால் தணிகாசலம் மறுபடி காலண்டரைப் பார்க்கத் தொடங்கினார்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வருகிற எதற்கும் இருப்புப் பதிவேட்டில் எண் கொடுத்து, அந்த எண்ணை வெள்ளைப் பெயின்டில் பொருளின்மேல் எழுதிவிடவேண்டும். நாற்காலியின் முதுகில் உண்டு, தண்ணீர்ப் பானையின் வயிற்றில் உண்டு, வாசல் வேப்பமரத்திலும் உண்டு. காகிதப் பதிவேட்டைக் கரையான் தின்ற பிறகு எல்லாம் கம்ப்யூட்டரில்தான். அமிர்தகடேசன் சொல்லச் சொல்ல ஜெசிந்தா வழக்கம்போல் அடித்தாள், சொன்னதை அடித்தே பழகின விரல் அர்த்தத்துக்குக் காத்திருக்கவில்லை: 113, தொட்டில், மரம், ஒன்று. 114, குழந்தை, பெண், ஒன்று, நல்ல நிலையில். அடித்து முடித்து நிமிர்ந்தால் அமிர்தகடேசன் பிரஷும் பெயின்ட் டப்பாவுமாகக் குழந்தையின்மேல் எங்கே எழுதலாம் என்று இடம் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் விளக்குமாற்றை எடுத்ததால் கடைசியில் எண்ணை ஒரு அட்டையில் எழுதி அரைஞாண் கயிற்றில் கட்டினார்.

அன்று சாயங்காலம் ஐந்தரைக்கு ஜெசிந்தா குழந்தையோடு வாசலுக்கு வந்தபோது தணிகாசலம் குறுக்கே நின்றார்.

"விடமாட்டேன்னு நான் சொல்லலம்மா. இருப்புல ஏறின சாமான், அனுமதிச் சீட்டு இல்லாம வெளிய போக முடியாதுன்னு சொல்றேன்."

சீட்டுக்கு மாவட்டத்துக்கு எழுதவேண்டும், பத்து நாள் ஆகும். அதுவும் தற்காலிக ஊழியர் பெயருக்குக் கொடுக்கமாட்டார்கள். வேண்டுமானால் அமிர்தகடேசன் நிரந்தரம், அவர் பொறுப்பில் வீட்டுக்கு எடுத்துப் போகலாம், காலையில் கொண்டுவந்துவிடுவார். தணிகாசலம் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அதனால்தான் அவள் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாத முடிவில் ஒப்பந்தம் தீர்ந்தால் அவளுக்கு உள்ளே வரவே வழி கிடையாது, குழந்தைக்கு வெளியே வர வழி கிடையாது. அரைஞாணில் அட்டை ஆடியது. குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

விண்ணப்பத்தையாவது அடித்து வைக்கிறேன் சார் என்று அவள் பீரோவுக்குப் பின்னால் திரும்பினாள். பதிவேட்டைத் திறந்தாள். கர்சர் கோடு 114-ஆம் வரியின் முடிவில் வந்து நின்று கண் சிமிட்டியது. அப்போதுதான் கவனித்தாள், கழுவிவிட்ட முற்றம் போலிருந்த வலது பாதியில் ஒரே ஒரு கீ வந்து உட்கார்ந்திருந்தது, மடியிலிருக்கிற குழந்தையின் கை எட்டுகிற தூரத்தில், அதன் முஷ்டிக்கு அளவெடுத்தாற்போல். எழுத்து இல்லை, எண் இல்லை. அடித்ததைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு போகிற கீ. அவள் தொடவில்லை. தொட அவளுக்குத் தைரியம் கிடையாது, கான்வென்ட்டில் படித்த பிள்ளை. குழந்தை கொட்டாவி விட்டது, முஷ்டியை அதன்மேல் வைத்தது, வைத்தபடியே தூங்கிப்போனது.

நல்ல நிலையில் போனது, ஒன்று போனது, பெண் போனது, குழந்தை போனது, 114 போனது. முஷ்டி எழவில்லை. தொட்டில் போனது. பீரோ போனது, பதினோரு கம்ப்யூட்டரும் போயின, சான்றிதழ் மாட்டிய ஆணி போனது, தண்ணீர்ப் பானை போனது, வேப்பமரம் போனது, கண்காணிப்பாளரின் சுழல் நாற்காலி உருண்டு போனது, கடைசியில் ஒன்றாம் எண்ணான வாசல் கதவும் போய்த் திரை பாலாக வெளுத்தது. அழித்ததைத் திரும்ப வரவழைக்க ஒரு வழி உண்டு என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவள் இடது கை போனது, திரும்ப வரவழைக்கவில்லை, அப்படியே பத்திரப்படுத்து என்கிற கீயை அழுத்திவிட்டு வந்தது.

"நூத்திப் பதினாலு?" என்றார் வாசலில் தணிகாசலம்.

"பதிவேட்டுல பாருங்க சார்," என்றாள், நடந்துகொண்டே. அட்டையை வாசலிலேயே அவிழ்த்துப் போட்டாள்.

பதிவேட்டில் இருந்தும் ஆபீஸில் இல்லாத பொருளுக்கு ஒரு மெமோதான். பதிவேட்டில் இல்லாமல் ஆபீஸில் இருக்கிற பொருள் ஒவ்வொன்றுக்கும், எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், எந்தக் கையால் வாங்கினீர்கள் என்று விசாரணை உண்டு. அதைச் சட்டமாகவே சுவரில் ஒட்டிவைத்தவர் தணிகாசலம். மறுநாள் காலை ஜெசிந்தா பத்தரைக்கு, அவளுக்கு இல்லாத வழக்கமாகத் தாமதித்து வந்தபோது, நாற்காலி மேசையெல்லாம் வெளியே வெயிலில் கிடந்தன, கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள், பத்துப் பேரும் வெறும் தரையில் நின்றபடி வேப்பமரத்தை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். நூற்றுப் பதின்மூன்றையும் மறுபடி அடிக்க ஊரில் ஒரே ஒரு கைதான் இருந்தது.

"இன்னிக்குள்ள அடிச்சிருவியாம்மா?" என்றார் தணிகாசலம். அவர் குரல் தரையிலிருந்து வந்தது.

ஜெசிந்தா பையிலிருந்து புது ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினாள். அதிலும், அவளே அடித்ததுதான், நிரந்தரம் என்ற சொல் எங்கிருந்தோ நகர்ந்து வந்து நடுவில் உட்கார்ந்திருந்தது. அவர் படித்தார். நாற்காலியைப் பார்த்தார். பேனாவுக்குப் பையில் கை விட்டார்.

"கொஞ்சம் பிடிங்க சார்," என்று குழந்தையை அவர் வலது தோளில் சாய்த்தாள். அது ஒருமுறை அவர் காலரை முகர்ந்து பார்த்துவிட்டு, தூக்கம் முடியாத பிள்ளையாதலால், கண்ணை மூடிக்கொண்டது. அசைந்தால் எழுந்துவிடும். எழுந்தால் அழும். மற்ற ஒன்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, கண்காணிப்பாளர் தணிகாசலம் அசையாமல் நின்று, பேனாவை இடது கைக்கு மாற்றி, கோழி கிளறினாற்போல ஒரு கையெழுத்தைப் போட்டார். இது உங்கள் கையெழுத்தே இல்லை என்று பின்னாளில் யாரும் அவரைக் கேட்கவில்லை. அந்த ஆபீஸில் எல்லாரும் இடது கைக்காரர்கள் என்று சான்றிதழ் கொடுத்து, அதற்குச் சட்டம் போட்டு அனுப்பியதே அரசாங்கம்தானே.